ஐஸ் ஹாக்கி கவசங்கள்: வலிக்கும் இடத்தை வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது

ஆட்டம் முடிந்து கவசங்களைக் கழற்றியதும் நேராகக் குளிக்கப் போய்விடாதீர்கள். ஒரு நிமிடம் உங்கள் உடம்பைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கன்றிப்போயிருக்கிறது, எங்கே தோல் உரிந்திருக்கிறது, எந்தப் பட்டையின் தடம் இன்னும் அழியாமல் இருக்கிறது என்று கவனியுங்கள். கவசத்தில் என்ன கோளாறு என்பதை விற்கிறவரைவிட அந்தத் தடங்கள் சரியாகச் சொல்லும்.

பல வருடமாக ஓர் அணியின் கவசங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. “இங்கே வலிக்கிறது, இந்தப் பேடை மாற்றணுமா?” என்று யாராவது வந்தால், நான் முதலில் பார்ப்பது அந்தப் பேடை அல்ல, அதற்குப் பக்கத்தில் இருப்பதை. ஐஸ் ஹாக்கிக் கவசம் ஒரே சட்டையாக வருவதில்லை. பத்துப் பன்னிரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் அடுத்ததைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தொடாமல் விட்ட இடைவெளியில்தான் பக்கும் ஸ்டிக்கும் ஸ்கேட் பிளேடும் வந்து சேரும். பக் என்பது 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறையவும் வைக்கிறார்கள். தொழில்முறை ஆட்டங்களில் அது மணிக்கு 150 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டு விரல் இடைவெளி அதற்குத் தாராளம்.

சரி, தொந்தரவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தலையிலிருந்து தொடங்கிக் கீழே வருகிறேன்.

## ஹெல்மெட் தலையில் ஆடுகிறது

தாடைப் பட்டையைப் போடாமல் ஹெல்மெட்டை மட்டும் மாட்டுங்கள். இரண்டு கைகளாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். நெற்றித் தோலும் கூடவே நகர்ந்தால் அளவு சரி. தோல் நகராமல் ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரியது. முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிகிற மாதிரிப் பின்னால் சாய்த்துப் போட்டுக்கொள்வது சிலருக்கு அழகாகப் படுகிறது. முகம் குப்புற விழும்போது பனியை முதலில் தொடப்போவது அந்த அழகுதான்.

பெரும்பாலான ஹெல்மெட்டுகள் முன்பாதி, பின்பாதி என இரண்டு ஓடுகள். பக்கவாட்டில் உள்ள திருகுகளைத் தளர்த்தியோ தாழ்ப்பாளைத் திறந்தோ நீட்டவும் குறுக்கவும் செய்யலாம். நீளமாக முடி வளர்த்திருந்தபோது அளவு வைத்துக்கொண்டு, ஒட்ட வெட்டிய பிறகும் அதே அளவில் ஆடுகிறவர்கள் நிறைய. “திடீரென்று ஹெல்மெட் லூஸாகிவிட்டது” என்று யாராவது சொன்னால் முதலில் தலைமுடியைத்தான் பார்ப்பேன். முழுக்கக் குறுக்கிய பிறகும் ஆடினால் ஓர் அளவு சின்னதாக வாங்குங்கள். உள்ளே துணி மடித்து வைத்து ஒப்பேற்ற வேண்டாம். அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது உள்ளிருக்கும் நுரை. துணி அந்த வேலையைச் செய்யாது, நுரையையும் தலையை ஒட்டி உட்கார விடாது.

தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தால் போதும். மூன்று விரல் நுழைந்தால், முதல் மோதலிலேயே ஹெல்மெட் தனியாக, தலை தனியாகப் போய்விடும்.

ஒரு தடவை ஒரு பையனின் ஹெல்மெட்டை வாங்கிக் கவிழ்த்தபோது உள்ளே ஏதோ கலகலவென்றது. ஓட்டுக்கும் நுரைக்கும் நடுவில் ஒரு நட்டு மாட்டிக்கொண்டிருந்தது. முகத்தை மூடும் கம்பிக் கூண்டை நெற்றியில் பிடித்திருந்த திருகு கழன்று எங்கோ விழுந்திருக்கிறது, நட்டு மட்டும் உள்ளே தங்கிவிட்டது. கூண்டு ஒரு பக்கத்துத் திருகில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதோடு மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறான். “கொஞ்சம் சத்தம் வந்தது, அவ்வளவுதான்” என்றான். அன்றிலிருந்து எல்லாருடைய ஹெல்மெட்டையும் வாரத்துக்கு ஒரு முறை காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். திருகாணிப் பெட்டி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

பின்பக்க ஒட்டுத்தாளையும் படியுங்கள். அமெரிக்காவில் எச்.இ.சி.சி. என்ற அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழ், ஹெல்மெட்டைத் தயாரித்த நாளிலிருந்து ஆறரை வருடத்துக்குத்தான் செல்லும். முடியும் தேதி அந்த ஒட்டுத்தாளிலேயே இருக்கும். கனடாவில் சி.எஸ்.ஏ. என்ற அமைப்பின் தர முத்திரை பார்ப்பார்கள். ஓட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும், உள்நுரை அமுங்கிப்போய்த் திரும்ப எழும்பாவிட்டாலும், தேதி இன்னும் பாக்கி இருக்கிறதே என்று பார்க்காமல் ஹெல்மெட்டை மாற்றுங்கள். ஓட்டுக்கு வண்ணம் அடிப்பதும் கண்ட பசையைத் தடவுவதும் வேண்டாம்; சில கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ளேயே பலவீனப்படுத்திவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

வட அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எச்.எல். ஆட்டத்தில் 1968 ஜனவரி 13 அன்று பில் மாஸ்டர்டன் என்ற வீரர் ஒரு மோதலில் பின்பக்கமாக விழுந்து தலை பனியில் மோதியது. இரண்டு நாளில் இறந்துபோனார். அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகும் அந்த லீக் புதிதாக வருகிறவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 1979 வரை எடுத்துக்கொண்டது. பழைய ஆட்கள் வெறுந்தலையோடு தொடரலாம் என்று விட்டார்கள். அவர்களில் கடைசி ஆளான கிரெய்க் மக்டாவிஷ் 1997-இல்தான் ஓய்வு பெற்றார்.

## ஹெல்மெட் போட்டால் தலை வலிக்கிறது

இதில் இரண்டு வலிகள் உண்டு. ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடக் கூடாது.

முதலாவது, இறுக்கத்தால் வரும் வலி. நெற்றியிலோ காதுக்கு மேலோ ஒரே புள்ளியில் வலிக்கும், அங்கே சிவந்த தடம் இருக்கும், கழற்றிக் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இதற்கு ஹெல்மெட்டைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் மட்டும் நெரித்தால் உங்கள் தலை அகலமானது, ஓடு நீள்வட்டமானது. ஒவ்வொரு நிறுவனத்தின் அச்சும் ஒவ்வொரு வடிவம். வேறு மாதிரியைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

இரண்டாவது, அடிபட்ட பிறகு வரும் தலைவலி. தலைசுற்றல், குமட்டல், கண் மங்கல், வெளிச்சம் உறுத்துவது, பதில் சொல்லத் தாமதிப்பது, என்ன ஸ்கோர் என்று தெரியாமல் முழிப்பது, காரணமில்லாத எரிச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை அதிர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பது தவறு. பெரும்பாலும் நினைவு தப்பாது. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்பதும் இல்லை. உடம்பில் வாங்கிய மோதலில் தலை உதறினாலே போதும்.

ஹெல்மெட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மண்டை உடையாமல் காப்பது அதன் வேலை. மண்டைக்குள் மூளை குலுங்குவதை எந்த ஹெல்மெட்டாலும் முழுதாகத் தடுக்க முடியாது. “மூளை அதிர்ச்சியே வராது” என்று சொல்லி யாராவது விற்றால் வேறு இடம் பாருங்கள்.

சந்தேகம் வந்ததும் அந்த ஆளுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. “நல்லாத்தான் இருக்கேன்” என்பதைக் கேட்காதீர்கள். சொல்கிற மூளையே அடிபட்ட மூளை. தனியாக விடக் கூடாது, வண்டி ஓட்ட விடக் கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, தூக்கக் கலக்கம் கூடினாலோ, கழுத்து வலித்தாலோ உடனே ஆம்புலன்ஸ். மற்றவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, படிப்படியாகத் திரும்ப வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் அலட்டாத ஓய்வு, பிறகு மெல்லிய உடற்பயிற்சி, தனியாக ஸ்கேட்டிங், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் சரி என்ற பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பனியில் அசையாமல் கிடக்கிறவரின் ஹெல்மெட்டைக் கழற்ற யாரையும் விடாதீர்கள். தோள் பேடுகள் முதுகைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கும். ஹெல்மெட்டும் தலையை அதே உயரத்தில் தாங்கியிருக்கும். அதை மட்டும் உருவினால் தலை பின்னால் தொங்கிக் கழுத்து வளையும். மூச்சு நிற்காதவரை பயிற்சி பெற்றவர்கள் வரட்டும்.

## வைசரில் ஆவி படிகிறது, கூண்டு தாடையில் இடிக்கிறது

ஆவி படிந்தால் பெரும்பாலும் வைசர் (கண்ணுக்கு முன்னால் வரும் ஒளிபுகும் தகடு) அழுக்காக இருக்கிறது, அல்லது காற்றோட்டத் துளைகள் அடைபட்டிருக்கின்றன. மிதமான சோப்பு நீரில் கழுவி, தானாக உலரவிட்டு, ஆவி தடுக்கும் திரவத்தை மெலிதாகப் பூசுங்கள். வியர்வைத் துண்டால் தேய்த்தால் கீறல் விழும்; பனிக்கூடத்து விளக்கில் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று கண்ணைக் குத்தும். ஆவி தொல்லை என்று வைசரை மேலே தூக்கி மாட்டிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காத தீர்வு. கண்ணும் மூக்கின் கீழ்விளிம்பும் மறைய வேண்டும் என்பது சர்வதேச விதி. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த விதிப்படி முழு முகமும் மூடவேண்டும், அரை வைசர் பேச்சே இல்லை.

கூண்டின் தாடைக் கிண்ணம் தாடையில் லேசாகப் பட வேண்டும். இடித்தால் கூண்டு சின்னது, பெரிய இடைவெளி இருந்தால் பெரியது. ஹெல்மெட்டின் அளவும் கூண்டின் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த கம்பியை இடுக்கியால் நிமிர்த்துவது வேலைக்காகாது. ஒரு முறை வளைந்த கம்பி அடுத்த அடியில் சுலபமாக மடங்கும், பற்றவைத்த இடம் விட்டுப்போகும்.

## கழுத்துக் கவசம் உறுத்துகிறது, நழுவுகிறது

உறுத்துகிறது என்று பைக்குள்ளேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் இதை உடல் தொந்தரவு என்பதைவிட மனத் தொந்தரவு என்றே சொல்வேன்.

ஸ்கேட் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகு, இரு விளிம்பிலும் தீட்டியது. 1989 மார்ச் 22 அன்று பஃபலோ அணியின் கோல்கீப்பர் கிளின்ட் மலார்ச்சுக்கின் கழுத்து நாளத்தை ஒரு ஸ்கேட் அறுத்தது. வியட்நாம் போரில் மருத்துவப் பணியாளாக இருந்த அணியின் உதவியாளர் ஜிம் பிஸுட்டெல்லி ஓடிவந்து, காயத்துக்குள் விரலை விட்டு நாளத்தை அழுத்திப் பிடித்ததால் பிழைத்தார். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அதே போல ஸ்கேட்டால் கழுத்து அறுபட்ட ஆடம் ஜான்சன் பிழைக்கவில்லை. அந்த டிசம்பரில் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் பெரியவர்களுக்கும் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது. அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிரிவுகளுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம்.

உறுத்தினால் செய்ய வேண்டியது: தடித்த காலர் வகையிலிருந்து, கழுத்தோடு தைத்து வரும் உள்சட்டை வகைக்கு மாறிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். சுழன்று சுழன்று ஒட்டும் பட்டை முன்பக்கம் வந்தால் அளவு பெரியது. தொண்டைக்கும் தோள் பேடுக்கும் நடுவில் தோல் தெரிந்தால், நெஞ்சுவரை இறங்கும் தொங்கல் உள்ளதாக வாங்கித் தோள் பேடுக்கு அடியில் செருகுங்கள். கெவ்லார் போன்ற இழைகளால் ஆனது வெட்டைத் தாமதப்படுத்தும், இரும்புச் சுவர் ஆகாது. கழுத்து எலும்பைக் காக்கவும் அது செய்யப்படவில்லை. ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரை நோக்கிப் போகும்போது தலையைக் குனியாமல் இருப்பதுதான் கழுத்தெலும்புக்குக் காவல். குனிந்தால் கழுத்தின் இயல்பான வளைவு நேராகி, மோதலின் சுமை முழுதும் எலும்புகள் மேல் நெட்டுக்குத்தாக இறங்கும். சிறுவர்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் நாளிலேயே இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

## முன்கையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கன்றுகிறது

நான் சொன்ன இடைவெளிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒரு பதினைந்து வயதுப் பெண் வலது முன்கையைக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி, கையைச் சுற்றி ஒரு வளையல் போல நீலமும் மஞ்சளுமாகத் தடம். புதுத் தடத்துக்கு அடியில் பழைய தடம். “கையுறை சரியில்லை, நீளமானது வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா” என்றாள். நான் கையுறையைத் தொடவே இல்லை. முழுக் கவசத்தோடு ஸ்டிக்கைப் பிடித்து நிற்கச் சொன்னேன். எல்லாம் மூடித்தான் இருந்தது. சரி, பத்து முறை அடிப்பது போல வீசு என்றேன். ஆறாவது வீச்சில் எல்போ பேடு மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. பத்தாவதில் முன்கையில் தோல் தெரிந்தது, அந்த நீல வளையல் இருந்த அதே இடத்தில். பேடின் மேல் பட்டையில் எலாஸ்டிக் செத்துப்போயிருந்தது. இழுத்தால் நீண்டது, திரும்பவில்லை. பட்டையை மாற்றித் தைத்தோம். அடுத்த மாதம் கை சுத்தமாக இருந்தது.

அதனால் அளவு பார்க்கும்போது சும்மா நிற்காதீர்கள், அசையுங்கள். முழங்கை எலும்பு கிண்ணத்தின் நடுவில் உட்கார வேண்டும். கையை மடக்கி நீட்டினாலும் கிண்ணம் அதன் மேலேயே இருக்க வேண்டும். பேடின் கீழ்விளிம்பு கையுறையின் வாயைத் தொட வேண்டும், மேல்விளிம்பு தோள் பேடின் புஜப் பகுதியைச் சந்திக்க வேண்டும். பட்டை சரியாக இருந்தும் இடைவெளி விழுந்தால் அப்போது நீளத்தைப் பற்றி யோசிக்கலாம். கையுறை குட்டையாக இருந்தால் பேடு நீளமாக இருக்கட்டும், அல்லது இது நீளமாக அது குட்டையாக. இரண்டும் குட்டை என்றால்தான் பிரச்சினை.

## தோள், விலா, வால் எலும்பு

தோள் பேடின் கிண்ணம் தோள்முனை எலும்புக்கு நேர் மேலே வர வேண்டும். அது புஜத்தை நோக்கிச் சரிந்து நின்றால் பேடு பெரியது. சுவரில் மோதும்போது தோள்முனை நேரடியாக அடி வாங்கும், காறை எலும்பு இணைப்பு விலகுவது இப்படித்தான். கைகளை மேலே தூக்கும்போது கழுத்துப் பகுதி தாடையில் இடித்தாலும் பெரியதே. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குகிற பெற்றோர் இதை ஒரு முறை வீட்டிலேயே செய்து பார்க்கட்டும்.

விலாவுக்குக் கீழே அடிபட்டால் தோள் பேடையும் பேண்டையும் சேர்த்துப் பாருங்கள். பேண்ட் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே தொங்கினால் மேலே விலாவும் பின்னால் வால் எலும்பும் திறந்துவிடும். பெல்ட்டை இறுக்குங்கள், போதாவிட்டால் தோளில் மாட்டும் பட்டை போடுங்கள்.

## முழங்கால் வலி, ஷின் கார்டு சுழல்கிறது

ஷின் கார்டு என்பது முழங்காலையும் அதற்குக் கீழே காலின் முன்பக்கத்தையும் மூடும் கவசம். முழங்கால் சில்லு அதன் கிண்ணத்தின் நடுவில் இருக்க வேண்டும். அளவு எடுப்பது சில்லின் நடுவிலிருந்து ஸ்கேட்டின் மேல்விளிம்பு வரை, ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு. ஸ்கேட் நாக்கை ஷின் கார்டுக்கு உள்ளே விடுகிறீர்களா வெளியே விடுகிறீர்களா என்பதைப் பொறுத்து நீளம் மாறும், அதை முதலிலேயே தீர்மானியுங்கள். நீளம் கூடினால் ஒவ்வொரு முறை கால் மடங்கும்போதும் ஸ்கேட் அதை மேலே தள்ளும்; கிண்ணம் சில்லை விட்டு ஏறிவிடும். விழும்போது முழங்கால் பனியில் இடிக்கிறது என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான்.

சுழன்றால் கெண்டைக்காலுக்கு அது அகலம். சாக்ஸுக்கு மேல் டேப் சுற்றலாம், ஆனால் கெண்டைக்கால் மரத்துப்போகிற அளவுக்கு இறுக்கக் கூடாது. நின்றுகொண்டு பார்க்கும்போது பேண்டின் கீழ்விளிம்பு ஷின் கார்டின் மேல்பகுதியை மூடியிருந்தால் போதாது. ஸ்கேட் செய்யும் நிலையில் முழங்காலை மடக்கியும் பாருங்கள்.

## ஸ்கேட்டில் வலி

மற்ற எல்லாக் கவசத்தையும் சேர்த்தாலும் ஸ்கேட்டைப் பற்றி வரும் புகார்களே எனக்கு அதிகம்.

கணுக்காலின் முன்பக்கம், லேஸ் முடிச்சுப் போடும் இடத்தில் தொட்டாலே வலிக்கிறதா? கயிறு அங்கேயுள்ள தசைநாண்களை அழுத்துகிறது. நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா, நைந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கும் இடத்துக்கு நேரே உள்ள துளையை விட்டுவிட்டு லேஸைக் கோத்துக்கொள்ளுங்கள், மேல் துளைகளைத் தளர்த்துங்கள், நாக்குக்கு உள்ளே ஜெல் பேடு வையுங்கள். வலியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டே ஆடினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

பாதம் மரத்துப்போகிறதா? முன்பாதத்தில் லேஸை இறுக்கியிருப்பீர்கள், அல்லது ஸ்கேட்டின் உள் ஆழம் போதவில்லை. லேஸை முழுதாகத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைகளின் குறுக்கே ஒரு பென்சிலை வையுங்கள். பென்சில் இரண்டு பக்கமும் படிந்து உட்கார வேண்டும். பாதத்தின் மேல் தட்டிக்கொண்டு ஆடினால் உங்கள் பாதத்துக்கு அந்த ஸ்கேட் ஆழமில்லை. எவ்வளவு சூடுபண்ணி வடிவம் மாற்றினாலும் இது தீராது.

குதிகால் தூக்குகிறதா? அளவு பெரியது. ஸ்கேட் அளவு பொதுவாகச் செருப்பு அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவு. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் பதிந்து, விரல் விலக வேண்டும். லேஸை முடிகிற முன் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பாதிப் புகார் அதிலேயே அடங்கிவிடும்.

ஒரு காலில் மட்டும், ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் வழுக்குகிறதா? விளிம்பு சமமில்லை. பிளேடின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்கே படுக்கவைத்து நேராகப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தீட்டியவர் சாய்த்துத் தீட்டியிருக்கிறார். நாணயம் நேராக இருந்தால் விளிம்பில் நகத்தை மெதுவாக உரசிப் பாருங்கள், பல் விழுந்திருந்தால் தட்டுப்படும். அதுவும் இல்லையென்றால் பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டையும், தாங்கியின் விரிசலையும், ரிவெட்டுகளையும் பார்க்க வேண்டும். இரண்டு காலும் எப்போதும் வழுக்கினால், பிளேடின் அடியில் இரு விளிம்புக்கும் நடுவே தீட்டும் குழிவு போதவில்லை. அரை அங்குல ஆரம் பரவலாகப் பயன்படுகிறது, அதைவிடச் சிறிய ஆரம் பனியை இன்னும் கவ்வும். ஓடுகிற வேகத்தில் விளிம்பு விட்டுப்போனால் நேரே சுவர்தான், அதனால் இதை வெறும் சௌகரியப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணும் ஓர் இடைவெளியில்தான் இருக்கிறது. 2013 பிப்ரவரி 13 அன்று ஒட்டாவா அணியின் எரிக் கார்ல்ஸனுக்கு எதிராளியின் ஸ்கேட் அங்கேதான் வெட்டியது. வெட்டைத் தாங்கும் சாக்ஸ் கிடைக்கிறது. ஸ்கேட்டின் பின்பக்கப் பட்டை முறிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

## கையுறை, மவுத் கார்டு

உள்ளங்கையில் ஓட்டை விழுந்தால் தைக்கக் கொடுங்கள். பிடி நன்றாக இருக்கிறது என்று உள்ளங்கையை வெட்டி எடுத்துவிட்டு ஆடுவதை விதிகளும் அனுமதிப்பதில்லை. விரல் நுனி முட்டினால் கையுறை சின்னது.

மவுத் கார்டு குமட்டினால் பின்பக்கம் நீளம். வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் வகையானால் அதைத் திரும்ப இளக்கிப் பதிக்கலாம், கடைவாய்ப் பல் மூடுகிற அளவுக்கு விட்டு மீதியை நறுக்கலாம். மென்று மென்று தட்டையாகிவிட்டதை மாற்றிவிடுங்கள். பற்களைக் காப்பதுதான் அதன் வேலை.

## நாற்றம், அரிப்பு, துரு

மூன்றுக்கும் காரணம் மூடிய பை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாடத் தொங்கவிடுங்கள். கையுறையின் வாயையும் ஸ்கேட்டின் நாக்கையும் விரித்து வையுங்கள், ஸ்கேட்டின் உள்தாளை உருவி எடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் சீக்கிரம் காயவைத்தால் பசையும் நுரையும் கெடும். தோள், முழங்கை பேடுகளைக் குளிர்ந்த நீரில் மென்மையாகக் கழுவலாம், டிரையரில் போடக் கூடாது. பட்டை படும் இடத்தில் கொப்புளமோ சீழோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், துண்டையும் கவசத்தையும் அடுத்தவரோடு பகிராதீர்கள்.

பிளேடைத் துணியால் துடைத்துவிட்டுத் துணி உறையில் வையுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக் உறை தரையில் நடப்பதற்கு மட்டும். அதைப் போட்டபடியே பையில் வைத்தால் உள்ளே தேங்கும் ஈரத்தில் விளிம்பு ஒரே இரவில் பழுப்பாகும். மறுநாள் பனியில் இறங்கியதும் ஒரு காலில் மட்டும் வழுக்கும், அப்போது நாணயத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.